இருமலை ஆடியவள்

அவளுக்கும் எனக்கும் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. சண்டை ஒரு துப்பட்டாவுக்காக.

மாரிக்குப்பத்தில் விடிவதற்கு முன்னால் புறப்படுகிற ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பெண்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. முதல் ஸ்டேஷனில் ஏறுகிறவள் தன் தோழிகளுக்காக சீட்டின் மேல் துப்பட்டாவை விரித்துப் போடுவாள். தோழிகள் சாம்பியனிலோ உரிகத்திலோ கோரமண்டலிலோ ஏறி வந்து உட்காருவார்கள். துப்பட்டா கிடந்தால் அங்கே ஒரு மகாராணி உட்கார்ந்திருப்பதாக அர்த்தம். ரயில்வேக்காரர்கள் இந்தச் சட்டத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாங்களும் அவர்களைப் போய்க் கேட்டதில்லை. வருஷக்கணக்காக நான் அப்படித்தான் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் எனக்கு செக்கர் வேலை. தைத்து வருகிற சட்டையில் குறை கண்டுபிடித்தால் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்த பிறகும் போக மாட்டேன் என்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

ஒரு நாள் உரிகத்தில் ஏறிப் பார்க்கிறேன், எனக்காக விரித்த துப்பட்டா நான்காக மடிந்து ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. என் இடத்தில் ஒரு கால் இருக்கிறது. கால் மட்டும்தான். ஆள் நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு காலைத் தூக்கி சீட்டின் மேல் நீட்டி வைத்து, நெற்றி முழங்காலில் படுகிற மாதிரி குனிந்திருக்கிறாள். முப்பது வயசிருக்கும். குச்சி உடம்பு, ஒட்ட வெட்டிய தலை.

"இன்னாமே இது, சீட்டு போட்டு வெச்சிகீறது கண்ணு தெரியல?" என்றேன்.

அவள் நிமிரவே இல்லை. "துப்பட்டா உக்காந்துகினு இருந்திச்சி. அதுக்கு கால் வலிக்கப் போறதில்ல. அதான் எழுப்பி வுட்டேன்" என்றாள்.

பங்காருபேட்டை வரைக்கும் விடாமல் திட்டினேன். நாலு பேர் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அவள் செய்ததெல்லாம் இந்தக் காலை இறக்கி அந்தக் காலைத் தூக்கி வைத்ததுதான். பங்காருபேட்டையில் கும்பல் ஏறியதும் தானாகவே காலை எடுத்துக்கொண்டு, "உக்காருக்கா, முடிஞ்சிடுச்சி" என்றாள். நான் உட்கார்ந்ததும் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீ ஏழாம் வீடுதானே?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உரிகத்துக்குப் பக்கத்தில் எங்கள் லைனில் பத்து வீடுகள். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருந்ததைச் சுவர் என்று சொல்ல முடியாது, மண் பூசிய மூங்கில் தட்டி. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் பத்து வீட்டிலும் சோறு இறங்கும். அவள் மூன்றாம் வீட்டுப் பெண். எட்டு வயசில் அப்பா செத்துப்போனதும் அம்மாவோடு ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டாள். நான் அவளை அடியோடு மறந்திருந்தேன். அவள் எங்கள் யாரையும் மறந்திருக்கவில்லை.

பெயரை எழுதவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெங்களூரில் ஒரு நிகழ்ச்சிக்கு அவள் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு போஸ்டர் அடித்தார்கள். ஆடுகிற எல்லார் பெயரும் அதே அளவில் வர வேண்டும், இல்லாவிட்டால் தன் பெயரும் வேண்டாம் என்று சொல்லி, ஒட்டியிருந்ததைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்தாள். எல்லார் பெயரையும் எழுதினால் எங்களில் சிலருக்கு வீட்டில் பேஜாராகும். ஆகவே அவள் பெயரும் வேண்டாம்.

இப்போது அவள் எந்த நாட்டில் இருக்கிறாள் என்று போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பனி பெய்கிற ஏதோ ஊரில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தரையில் குந்த வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆட்டத்தை அமைத்தவர் என்று கீழே போட்டிருக்கிறது. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இவளிடம் நன்றாக மாட்டிக்கொண்டிருக்கின்றன.

அவளிடம் இருந்த ஒரே குணம், அல்லது ஒரே வியாதி, இதுதான்: யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்க மாட்டாள். "கேட்டா தானே இல்லன்னு சொல்வாங்க" என்பாள். பதிமூன்று வயசில் பிள்ளையார் சதுர்த்தி மேடையில் ரெக்கார்டு டான்ஸ் ஆடுகிற கோஷ்டி ஒன்றில் சேர்ந்தாளாம். எங்கள் ஊரில் டான்ஸ் கோஷ்டிக்குப் பஞ்சமே கிடையாது, தெருவுக்கு ஒன்று. மாஸ்டர் இவள் நிறத்தைப் பார்த்துக் கடைசி வரிசையில் நிறுத்தினார். பாட்டு ஆரம்பித்ததும் இவள் நடந்து வந்து முன்வரிசையில் நின்றுகொண்டாள். அடுத்த பாட்டுக்குப் பின்னால் அனுப்பினார். மறுபடி வந்தாள். மூன்றாவது பாட்டில் மாஸ்டர் தந்திரமாக எல்லாரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டார், இவள் நின்ற முன்வரிசை கடைசி வரிசையாகிவிட்டது. ஆனால் ஜனங்களுக்குப் பக்கத்தில் இருந்தது அதுதான், மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை பாவம். இவள் முதுகைக் காட்டிக்கொண்டே ஆடினாள். "முதுகுக்கும் விசிலடிச்சாங்கக்கா" என்று சொல்லிச் சிரித்தாள்.

பிறகு பெங்களூரில் நவீன நடனம் சொல்லித் தருகிற ஒரு பள்ளியில் போன் எடுக்கிற வேலைக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மற்றவர்கள் ஆட, இவள் மேசைக்குப் பின்னாலேயே ஆடினாள். மூன்று மாதம் கழித்து வகுப்பில் ஒரு ஆள் குறைந்தபோது உள்ளே போய் நின்றுவிட்டாள். அங்கே டீச்சரம்மா ஒரு நாள் எல்லாரையும் உட்கார வைத்து, உங்கள் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்களாம். ஒருத்தி கடலலை என்றாள். ஒருவன் பறவை என்றான். இவள் "எங்கப்பா இருமறது" என்றாள். யாரோ சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, நடுவில் போய் நின்று இருமிக் காட்டினாள், வாயால் அல்ல, விலா எலும்பால். சிரித்தவர்களே எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்று அதைச் செய்து பார்த்தார்களாம். இது அவளே சொன்ன கதை, கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த விலா எலும்பை நானும் பார்த்திருக்கிறேன்.

எங்களை அவள் ஆட வைத்த விதமும் இதே விதம்தான். ஆடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரயிலில் நிற்கிறவர்களிடம் போய், "கம்பிய வுடுக்கா, புடிக்காம நில்லு பாக்கலாம்" என்பாள். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. வண்டி வளைவில் சாயும்போது யார் விழுகிறார்கள், யார் பக்கத்து ஆள் மேல் சாய்ந்து நிமிர்கிறார்கள் என்று பார்ப்பாள். நாள் முழுக்க மிஷினில் குனிந்து தைக்கிற பெண்கள் எல்லாரும். இரண்டு வாரத்தில், தோளை எப்படிக் கழற்றி மாட்டுவது, மூச்சை இடுப்பு வரைக்கும் எப்படி இறக்குவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். முதுகுவலி குறைந்தது, அதனால் விடாமல் செய்தார்கள். டான்ஸ் என்ற சொல்லை அவள் எடுத்தது ரொம்ப நாள் கழித்து. அதற்குள் எட்டுப் பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாழடைந்த பள்ளிக்கூடக் கொட்டகையில் கூடினார்கள். நான் ஆடவில்லை. ஓரமாக உட்கார்ந்து, யார் கை கோணல், யார் கால் பிந்துகிறது என்று சொல்வேன். செக்கருக்கு வேறென்ன தெரியும்?

படம் எடுக்கிறவர்கள் சிலர் இவளைத் தேடிக்கொண்டு வந்தார்கள். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் எங்கள் ஊரில் மலை மலையாகக் கிடக்கிறது, சயனைடு மேடு என்போம். அதன் உச்சியில் நின்று, பின்னால் சுரங்கத்தின் துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரம் தெரிய, ஒட்டுமுடியை விரித்துப் போட்டு இவள் அழுதுகொண்டே ஆட வேண்டுமாம். செத்துப்போன ஊரைக் காட்டப் போகிறார்களாம். இவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செத்தது வேணும்னா சுடுகாட்டுக்குப் போங்க சார். இங்க ஆளுங்க கீறாங்க, காலைல நாலரைக்கு ஸ்டேஷனுக்கு வந்து பாருங்க" என்றாள். அவர்கள் கொடுப்பதாகச் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத்தான் வயிறு எரிந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவளிடம் என்ன பேசுவது?

அவள் அமைத்த ஆட்டம் இதுதான். பத்து வீடுகள் ஒரு வரிசை. வீட்டுக்கு ஒரு பெண். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. பத்து ஆண்களின் இருமல் மட்டும்.

எங்கள் லைனில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் முடிந்து ஆண்கள் வந்து படுத்ததும் ஒரு வீட்டில் ஆரம்பிக்கும், தட்டி தட்டியாகத் தாண்டிப் போகும். குரலைக் கேட்டு ஆளைச் சொல்வதுபோல நாங்கள் இருமலைக் கேட்டு ஆளைச் சொல்வோம். முதல் வீட்டுக்காரருக்கு மூன்று குட்டி இருமல், பிறகு ஒரு நீளமானது. இரண்டாம் வீட்டுக்காரர் நடுநடுவே முருகனைக் கூப்பிடுவார். மூன்றாம் வீட்டில், அதாவது இவள் அப்பாவுக்கு, இதோ முடியப் போகிறது என்பதுபோல ஆரம்பிக்கும், முடியாது. எட்டு வயசில் கேட்ட அத்தனையையும் அவள் உடம்பில் வைத்திருந்தாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீட்டைக் கொடுத்து, அந்த மூச்சு எங்கே சிக்குகிறது, தோள் எப்போது ஏறுகிறது, எந்தக் கை தரையைத் தேடுகிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தாள். ஒன்று இரண்டு என்று அவள் எண்ணுவது தாளத்தை அல்ல, வீட்டை. "ஒண்ணு" என்றால் முதல் வீடு மூச்செடுக்கும். அது முடிந்த பிறகுதான் "ரெண்டு."

ஏழு என்று எண்ணும்போது மட்டும் அந்த இடத்தில் ஆள் இருக்காது, அந்த வீட்டு இருமல் அவள் காதில் விழுந்ததே இல்லை. பத்து மூச்சு நேரம் வெறும் இடம். பெங்களூரில் இரண்டு தடவை அப்படியே ஆடினார்கள். அந்தக் காலியிடம் பிரமாதம் என்று அங்கே சொன்னார்களாம். அவளுக்கு அதில் திருப்தியில்லை. "உங்க வூட்ல மட்டும் இன்னாத்துக்குக்கா எப்பவும் ரேடியோ பாடும்?" என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

தெரியும். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு அண்டர்கிரவுண்டில் துளை போடுகிற வேலை. எல்லாருக்கும் இருந்த இருமல் அவருக்கும் இருந்தது. ஆனால் டாக்டர் முன்னால் இருமினால் மேலே வேலைக்கு மாற்றிவிடுவார்கள், அண்டர்கிரவுண்டு சம்பளம் போய்விடும் என்று ஆண்கள் பயந்தார்கள். மெடிக்கலுக்குப் போகும்போது வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு போவார்கள். கேட்டால், "பீடி இருமல் சார், சும்னே, சும்மாதான்" என்பார்கள். நைனா ஒரு பீடி குடித்தவரல்ல. ஆனாலும் சட்டைப்பையில் எப்போதும் ஒரு கட்டு பீடி வைத்திருப்பார், சாட்சிக்கு. "எக்ஸ்ரே படத்துல தெரியறத டாக்டர் பாத்துக்குவாரு, காதுல உழறத நாம பாத்துக்கணும்" என்பார். டாக்டர் முன்னால் அடக்கினவர் பிறகு பக்கத்து வீட்டுக்காரன் முன்னாலும் அடக்க ஆரம்பித்துவிட்டார். யாராவது வெளியே ஒரு வார்த்தை விட்டால் மேஸ்திரி காதுக்குப் போய்விடுமாம். முடியாமல் போனால் கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். என் வேலை, அவர் கண் சிவப்பதைப் பார்த்ததும் ஓடிப்போய் ரேடியோவின் காதைத் திருகுவது. லைன் முழுக்க எங்களைப் பாட்டுப் பைத்தியம் பிடித்த குடும்பம் என்று பேசிக்கொண்டார்கள். சுரங்கத்தை மூடிய பிறகும் அவர் அதை விடவில்லை. யாரிடமிருந்து மறைக்கிறார் என்று நானும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற தொழிலாளிகள் சேர்ந்து நடத்துகிற மன்றம் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. நைனா அதற்குத் தலைவர். பெங்களூரில் ஆடியதை ஊரில் ஆட வேண்டும் என்று அவள் முடிவு பண்ணியபோது, மன்றத்துக் கூடத்தில் ஆட்டம் என்று தேதி போட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டாள். வழக்கம்போல யாரையும் கேட்கவில்லை. செயலாளர் ஒத்திகையை வந்து பார்த்துவிட்டுப் போய் நைனாவிடம் சொன்னார். ஆட்டம் நடக்கலாம், இருமல் கூடாது என்று மன்றம் தீர்மானம் போட்டது. எங்கள் ஆட்கள் வீரம் காட்டி வேலை செய்தவர்கள், நோயாளிகளாகக் காட்ட விட மாட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

"வுட்டுடு. பெங்களூர்ல ஆடினியே, அது போதாதா?" என்று ரயிலில் அவளிடம் சொன்னேன்.

"அங்க கைதட்றவங்களுக்கு யாரு இருமறாங்கன்னு தெரியாது" என்றாள். "தெரிஞ்சவங்க முன்னால ஆடலன்னா இது திருட்டுக்கா. எங்கப்பா மூச்ச திருடி நான் பேர் வாங்கினதா ஆயிடும்."

அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். உடனே திரும்பிக்கொண்டு யாரையோ கம்பியை விடச் சொல்லி அதட்டினாள்.

அடுத்த ஞாயிறு காலையில் அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். என்னோடு இருக்கிற நைனா அவளை உள்ளே வரச் சொல்லி உட்கார வைத்தார். மூன்றாம் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் அவள் அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். பிறகு தீர்மானத்தைச் சொன்னார். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்துவிட்டது, கிளம்ப வேண்டியதுதானே? கிளம்பவில்லை. காப்பி கொடுத்தேன், குடித்தாள். பத்து மணிக்கு வந்தவள் பதினொன்று வரைக்கும் அப்படியே இருந்தாள். எனக்கு மெல்ல உறைத்தது. அவருக்கு இருமல் வரும் என்று காத்திருக்கிறாள்.

நைனாவுக்கும் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவளை எழுந்து போ என்று சொல்ல அவரால் முடியாது. எழுந்து உள்ளே போனால் தோற்றதாகிவிடும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டார். தாடையைக் கழுத்தோடு இறக்கினார். இடது கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி அழுத்தினார். மூக்கால் துளித்துளியாகக் காற்றை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டார். கழுத்து நரம்பு எழும்பியது, கண் சிவந்தது. என் கை என்னையறியாமல் டிவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டப் போனது.

"வேணாம்க்கா" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை வெளியே பிடித்துத் தள்ளியிருப்பேன். எழுபது வயசு மனுஷரை இப்படியா வதைப்பது? ஆனால் அவரும் விடவில்லை. கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்காமல் அவளையே முறைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவள் எழுந்தாள்.

"நைனா, நீங்க இருமவே வேணாம்" என்றாள். "அடக்கறத பாத்துக்கினேன். எனக்கு அது போதும்."

அவர் மூச்சைத் திரட்டிக்கொண்டு, "அப்ப ஆட்டத்துல இருந்து இருமல எடுத்துட்றியா?" என்றார்.

"இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனையைத் தாண்டிய பிறகு நைனா கம்பளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் டிவியைச் சத்தமாக வைத்தேன்.

மறுநாள் ரயிலில், "ஏழாம் வூடு நீதான்க்கா" என்றாள். வாய்க்கு வந்தபடி ஏசினேன். எங்கள் நைனாவை மேடையேற்றி விற்கப் பார்க்கிறாயா என்றேன். அந்த வேகத்தில், ரேடியோ, கம்பளி, பீடிக்கட்டு எல்லாவற்றையும் நானே கொட்டிவிட்டேன். இத்தனை வருஷம் ஒருத்தரிடமும் சொல்லாதது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "நானே பண்ணிடுவேன்க்கா. ஆனா அந்த ரேடியோ பக்கத்துல நின்ன உடம்பு எனக்கு இல்ல" என்றாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கம்பியை விட்டுவிட்டு நின்றேன். ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சத்தத்தை மறைத்தது அவர் மட்டுமல்ல, நானும்தான். அது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

நைனாவின் கட்டைவிரலை நான் செய்து காட்டியபோது அவள் நான்கு முறை திருத்தினாள். செக்கரையே செக் பண்ணினாள்.

ஆட்டத்தன்று சாயங்காலம் போனால், இருமலை எடுக்காததற்காக மன்றம் கூடத்தைப் பூட்டியிருந்தது. அவள் பூட்டைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். "இங்க வெளிச்சம் நல்லா கீது" என்று சொல்லிவிட்டு, கூடத்துக்கு முன்னால் இருந்த வெட்ட வெளியில் எங்களை வரிசையாக நிறுத்தினாள். ஜனங்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். லைன்களிலிருந்து கிழவிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மன்றத்துக்காரர்கள் ஆறேழு பேர் கூடத்துக் கதவோரமாக நின்றுகொண்டார்கள், நடுவில் நைனா. ஆட்டத்தில் இருமல் வந்தால் நிறுத்துவதற்கென்று வந்திருந்தார்கள்.

"ஒண்ணு" என்றாள்.

முதல் வீட்டுப் பெண்ணின் விலா மூன்று முறை சிறிதாக அடித்து, நான்காவது நீளமாக இழுத்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டு" என்றதும் அந்தப் பெண்ணின் வாய் சத்தமில்லாமல் முருகனைக் கூப்பிட்டது. அப்போது ஒரு கிழவி கூட்டத்திலிருந்து, "எங்க வூட்டுக்காரரு" என்றாள். பக்கத்தில் இருந்தவள் ஆமாம் என்று தலையசைத்தாள். நிறுத்த வந்த செயலாளர் இரண்டடி முன்னால் வந்தவர் அங்கேயே நின்றார். பிணத்தை அடையாளம் காட்டுகிற இடத்தில் எப்படிக் குறுக்கே போவது? மூன்றை அவளே ஆடினாள். அவள் அப்பாவுக்கு முடியப் போவதுபோல ஆரம்பித்தது, முடியவில்லை. நாலு, ஐந்து, ஆறு. கிழவிகள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள், அது இன்னாரு, இது இன்னாரு என்று.

"ஏழு."

நான் நாக்கை மேலே ஒட்டினேன். தாடையை இறக்கினேன். இடது கட்டைவிரலை மண்ணில் ஊன்றினேன். நைனாவுக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கால் விரலைப் பார்த்தார். அவர் தாடையும் இறங்கியது. இடது காலும் ஊன்றியது. பத்து மூச்சு நேரம்தான் என் பங்கு. ஐந்தாவது மூச்சில் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. எழுபது வருஷத்தில் பாதியை இந்த மனுஷர் இப்படியே கழித்தாரா என்று நினைத்துக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை.

எட்டாவது மூச்சில் நைனா இருமினார்.

அது என்ன சத்தம் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. அந்த லைனில் யாரும் கேட்டிராத இருமல். அடியிலிருந்து பெரிய கல்லை உருட்டி உருட்டி மேலே கொண்டுவருகிற மாதிரி வந்தது. வாயைக் கையால் மூடவில்லை. செயலாளர் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடிவந்து, கூட்டத்தைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, பீடி இருமல்தான்" என்றார்.

நைனா பாட்டிலைத் தள்ளிவிட்டார். "நான் ஒரு பீடி குடிச்சதில்ல" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "அண்டர்கிரவுண்டு தூசி இது. தள்ளு. இன்னும் முடியல."

மறுபடியும் ஆரம்பித்தது. நான் வரிசையை விட்டு ஓடத் துடித்தேன். அவளைத் திரும்பிப் பார்த்தேன். இதோடு நிறுத்தேன், அவரைப் பிடித்து உட்கார வையேன் என்று கத்தத் தோன்றியது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மற்ற வீடுகளுக்குக் காத்திருந்ததுபோலவே அவருக்கும் காத்திருந்தாள், அவசரப்படுத்தாமல், பரிதாபப்படாமல். அவர் இருமி முடித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவள் அவர் முழு மூச்சு ஒன்று எடுக்கும் வரை விட்டாள். பிறகுதான், "எட்டு" என்றாள்.

எட்டாம் வீட்டுப் பெண் மூச்செடுத்தாள்.